கேட்சிங் ஃபயர்

அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் இளையோருக்காக எழுதிய நாவல். 2009 செப்டம்பரில் ஸ்காலஸ்டிக் வெளியீடாக வந்தது. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) நாவலின் தொடர்ச்சி. மூன்றாவதான ‘மாக்கிங்ஜே’ 2010-இல் வெளியானது.

பானெம் என்னும் வருங்கால நாட்டில், தலைநகரான கேபிட்டல் ஆண்டுதோறும் 12 மாவட்டங்களிலிருந்து 24 சிறுவர் சிறுமியரைப் பிடித்துவந்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லவைக்கிறது. முந்தைய போட்டியின் முடிவில் 12-ஆம் மாவட்டத்துப் போட்டியாளர்களான காட்னிஸ் எவர்டீனும் பீட்டாவும் விஷப்பழத்தைச் சேர்ந்தே தின்னத் துணிந்ததால், இருவரையும் உயிரோடு விடவேண்டியதாயிற்று. அவர்கள் பிழைத்ததே இந்த நாவலில் குற்றமாகிறது. மாவட்டங்கள் அதைக் காதலாக அல்ல, எதிர்ப்பாகவே கண்டன என்று அதிபர் ஸ்னோ காட்னிஸின் வீட்டுக்கே வந்து மிரட்டுகிறார்.

நாவலின் உச்சம் அரங்கத்தில் இல்லை. வெற்றியாளர்கள் மாவட்டங்களைச் சுற்றிவரும் பயணத்தில், 11-ஆம் மாவட்டத்துச் சதுக்கத்தில் இருக்கிறது. போட்டியில் மாண்ட அம்மாவட்டத்துச் சிறுமி ரூவுக்கு மேடையில் நன்றி சொல்கிறாள் காட்னிஸ். கூட்டத்திலிருந்து ஒரு முதியவர் ரூவின் நான்கு சுர மெட்டைச் சீழ்க்கையடிக்கிறார். மொத்தக் கூட்டமும் இடக்கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறது. சற்று நேரத்தில் அம்முதியவரை இழுத்துவந்து தலையில் சுடுகிறார்கள். காலின்ஸின் கலகம் இத்தனை சிறிய ஒலியிலிருந்து தொடங்குவதால்தான் நம்பமுடிகிறது.

75-ஆவது போட்டிக்குப் பழைய வெற்றியாளர்களையே மீண்டும் இறக்குகிறது கேபிட்டல். அரங்கம் ஒரு கடிகாரம்: காடு பன்னிரண்டு கூறுகள், மணிக்கொரு கூறில் மின்னல், இரத்த மழை, நச்சுமூட்டம், குரங்குகள் என ஆபத்து விழிக்கிறது. மின்னல் தாக்கும் நொடியில், கம்பி கட்டிய அம்பை எய்து காட்னிஸ் அரங்கின் விசைப்புலத்தை உடைக்கிறாள். தன்னைக் காப்பாற்றச் சக போட்டியாளர்கள் முன்பே திட்டமிட்டது அவளுக்குப் பிறகே தெரிகிறது. கலகத்தின் அடையாளமாக ஆக்கப்பட்டவளிடம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்ற அவளுடைய கோபத்தை நாவல் மறைக்காமல் சொல்கிறது. அவளுடைய 12-ஆம் மாவட்டம் அழிந்த செய்தியோடு கதை நிற்கிறது.

பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கத்தில், ஜெனிஃபர் லாரன்ஸ் நடித்த படம் 2013 நவம்பரில் வெளியானது. இக்கதைவரிசையின் மூன்று விரல் வணக்கம் 2014-இல் தாய்லாந்திலும் 2021-இல் மியான்மரிலும் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களின் கைகளில் உயர்ந்தது.