வெள்ளம் மறைப்பதும் விதைப்பதும்: மேல் பரானாச் சமவெளியின் மிதவையுயிரிகள்

வெள்ளச் சமவெளி ஈரநிலங்களில் மிதவையுயிரிச் சமூகத்தை வடிவமைப்பது வெள்ளமா, வாழிட வேறுபாடா? 1989இல் யுங்க், பேலி, ஸ்பார்க்ஸ் ஆகியோர் முன்வைத்த வெள்ளத் துடிப்புக் கோட்பாடு, ஆற்றின் ஏற்ற இறக்கத்தையே முதன்மை விசையாகக் கொண்டது. வெள்ளக் காலத்தில் நீர்நிலைகள் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன என்பதை 2007இல் தோமாஸ், பினி, போசெல்லி ஆகியோர் சான்றுகளைத் தொகுத்து நிறுவினர். இவற்றிலிருந்து, வெள்ளம் வேற்றுமையை அழிக்கிறது என்று முடிவுகட்டுவது எளிது. அம்முடிவு பாதி உண்மையே. வாழிட வேறுபாட்டைச் சில மாதங்கள் மறைக்கும் அதே வெள்ளம்தான் அவ்வேறுபாடு மீண்டும் உருவாவதற்கான உயிர்ச்சரக்கையும் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோதிக்கப் பிரேசிலின் மேல் பரானாச் சமவெளி ஏற்ற களம். மேலே போர்த்தோ பிரிமவேரா அணைக்கும் கீழே இத்தைப்பு நீர்த்தேக்கத்துக்கும் இடையே, ஏறத்தாழ 230 கி.மீ. நீளத்துக்கு ஆறு தடையின்றி ஓடுகிறது. பரானா, பையா, இவின்யெமா ஆறுகளும், அவற்றோடு வாய்க்காலால் இணைந்த ஏரிகளும், கரைமேட்டால் பிரிந்து தனித்த ஏரிகளும் இங்கே அருகருகே உள்ளன. மரிங்கா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இச்சமவெளியை நெடுங்காலமாக ஆய்ந்து வருகின்றனர்.

நீர் வற்றும் காலத்தில் ஒவ்வொரு ஏரியும் தன்போக்கில் போகிறது. ஆழம் குறைந்த தனித்த ஏரிகளில் காற்று அடிவண்டலைக் கலக்கி ஊட்டங்களை மேலே கொணர்கிறது. வெப்பமும் நிலைத்த நீரும் சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசிகள் ஓங்கும். அவற்றுள் சில வளிமண்டல நைட்ரஜனையே நிலைப்படுத்திக்கொள்வதால் நைட்ரஜன் பற்றாக்குறை அவற்றைத் தடுப்பதில்லை. ஓர் ஏரிக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. நம் குளங்களை அடைக்கும் ஆகாயத்தாமரையின் நெருங்கிய உறவான ஐகோர்னியா அசூரியா படர்ந்த கரையோரத்தில், லெக்கேன் போன்ற ரோட்டிஃபர்களும் (சக்கர நுண்ணுயிரிகள்) கைடோரிடே குடும்பக் கிளாடோசெராக்களும் (நீர்த்தெள்ளுகள்) ஓட்டு அமீபாக்களும் செடியைப் பற்றி வாழ்கின்றன. திறந்த நீரில் கெரட்டெல்லா, பாலியார்த்ரா, பாஸ்மினா போன்றவை மிதக்கின்றன.

நீர் ஏறும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. பாசி நீர்த்துப்போகிறது, கரையோர உயிரிகள் திறந்த நீருக்கு அடித்துவரப்படுகின்றன. மாதிரி எடுப்பவருக்கு எல்லா ஏரிகளும் ஒன்றுபோலத் தெரியும். சில நாட்களிலேயே இனம் பெருக்கும் ரோட்டிஃபர்கள் விரைவில் மீள்கின்றன; பல இளம்பருவங்களைக் கடந்து முதிரும் கோபிபோடுகள் என்னும் சிறு ஓட்டுடலிகளுக்குக் கூடுதல் காலம் வேண்டும். ஆயினும் இங்கு நிகழ்வது வெறும் கலப்பன்று. ஏரிக்கு ஏரி இனங்கள் பரவுகின்றன. நீர் வடிந்ததும், வந்து சேர்ந்தவற்றோடு வண்டலில் உறங்கிய முட்டைகளிலிருந்து பொரிப்பவையும் சேர, ஆழமும் ஒளியும் செடிகளும் மீன்களும் அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கின்றன. வெள்ளம் வழங்குகிறது, வாழிடம் வடிகட்டுகிறது.

வாழிடமே வடிகட்டுகிறதென்றால் வெள்ளம் எதற்கு என்று கேட்கலாம். வடிகட்ட ஏதேனும் வந்து சேர வேண்டுமே என்பது விடை. நெடுங்காலம் துண்டிக்கப்பட்ட ஏரிகள் தமக்குள் வேறுபட்டே இருக்கக்கூடும். ஆனால், ஓரினம் அற்றுப்போனால் அதை மீட்டுத் தரும் முதன்மை வழி அடைபட்டுவிடும்.

அணை இவ்வாதத்தைக் கூர்மையாக்குகிறது. 1998இன் இறுதியில் நீர் தேக்கத் தொடங்கிய போர்த்தோ பிரிமவேரா வண்டலையும் பாஸ்பரஸையும் பிடித்துவைக்கிறது. கீழே செல்லும் பரானா நீர் தெளிந்து, ஊட்டம் குன்றியதாகிவிட்டது. பெரிய அணைகளற்ற இவின்யெமா வண்டலைச் சுமந்தே வருகிறது. ஆகவே ஒரே நீர்மட்டம் எட்டினாலும் இரு வெள்ளங்களும் ஒன்றல்ல. எந்த ஆற்றின் நீர், எப்போது, எவ்வளவு காலம் என்பவையும் விளைவைத் தீர்மானிக்கின்றன.

வெள்ளக் கால மாதிரியை மட்டும் கொண்டு சமவெளியின் பன்மையை மதிப்பிட்டால் குறைவாகவே கணக்கிடுவோம். வற்றிய கால மாதிரி மட்டுமெனில், அப்பன்மை எங்கிருந்து வந்தது என்பதே விடுபடும். இரு பருவமும் இடம்பெறாத ஆய்விலிருந்து வெள்ளத்தின் பங்கைப் பற்றி முடிவு சொல்ல இயலாது. அணைகளின் நீர்த்திறப்பு விதிகளும் நீரின் அளவோடு நில்லாமல், ஏரிகள் இணையும் காலத்தையும் பிரியும் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.