அம்பிட்டியக் குன்றுகளில் வழியுரிமை: அரசாணை முதல் பிரதேச சபைத் தீர்மானம் வரை

கண்டி வாவிக்குத் தென்கிழக்கே மேடேறித் தலாத்து ஓயாவை நோக்கிச் செல்லும் அம்பிட்டிய வீதியின் இருமருங்கிலும் ஒழுங்கைகளும், மண்ணிலும் கல்லிலும் வெட்டிய படிவழிகளும் கிளைவிட்டுப் பிரிகின்றன. இவற்றுள் எது பொதுவழி, எது தனியார் காணிக்குள் அடங்கியது, எவருடைய விண்ணப்பத்தின்பேரில் எதனை அகலப்படுத்தலாம் அல்லது மூடலாம் என்னும் வினாக்கள் இன்று ஸ்தல ஸ்தாபனங்களின் முன் வருவனவாயினும், அவற்றின் வேர் கண்டி ராஜ்யத்தின் காலம்வரை செல்கிறது. நடந்து பழகியதால் நிலைத்த வழியுரிமை காலப்போக்கில் ஏட்டில் ஏறிய வழிகளுக்கே உரியதாயிற்று என்பதும், எவருடைய வழி ஏட்டில் ஏறும் என்பதைச் சட்டம் எவரைக் குடியிருப்பாளராக மதித்தது என்பதே நிர்ணயித்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கண்டி மன்னர்கள் வழிகளைத் திறந்துவைப்பதைவிட அடைத்துவைப்பதிலேயே அதிக சிரத்தை காட்டினர். 1660 முதல் 1679 வரை அந்த ராஜ்யத்தில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ், வழிகளில் முள்வாயில்கள் அமைத்துக் காவலர் நிறுத்தப்பட்டிருந்ததை 1681இல் வெளியான தம் நூலில் விவரித்திருக்கிறார். காடும் ஒற்றையடிப் பாதையுமே ராஜ்யத்தின் அரணாக விளங்கிய அந்நாளில், வழியென்பது பிரஜையின் உரிமையாக அன்றி அரசனின் அனுமதியாகவே இருந்தது. அதனைச் செப்பனிடும் உழைப்பும் இராஜகாரியம் என்னும் கடமையாகவே பெறப்பட்டது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபின், படை நடத்துவதற்கும் பின்னர்க் கோப்பி ஏற்றுமதிக்கும் வீதிகள் இன்றியமையாதன ஆயின. கோல்புறூக் ஆணைக்குழுவின் விசாரணையை அடுத்து இராஜகாரியம் ஒழிந்ததெனினும், 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், 18 முதல் 55 வயதுவரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்து, அவ்வுழைப்பை வேறு உருவில் மீட்டுக்கொணர்ந்தது. பிக்குகளையும் உள்ளடக்கிய அவ்விதி, அதே ஆண்டில் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குக் காரணமான மனக்கசப்புகளுள் ஒன்றாயிற்று. 1861ஆம் ஆண்டின் பொதுவழிகள் கட்டளைச் சட்டம் இவ்விதிகளைத் திருத்தித் தொகுத்து, மாகாண, மாவட்ட வீதிக் குழுக்களின் பொறுப்பில் பரிபாலனத்தை வைத்தது.

ஆனால் வழியின் தலைவிதியை வீதிச் சட்டத்தினும் ஆழமாக மாற்றியது காணிச் சட்டமே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மறுத்து நிரூபிக்கப்படும்வரை காடும் தரிசும் முடிக்குரியனவென அனுமானித்தது; கண்டிப் பிரதேசத்துச் சேனை எனப்படும் மாற்றுப் பயிர்நிலங்களையும் அவ்வாறே கொண்டது. அந்நிலங்கள் அளக்கப்பட்டுத் தோட்டங்களாக விற்கப்பட்டபோது, காட்டுக்கும் ஆற்றுக்கும் கிராமத்தார் நடந்த பாதைகள் பல புதிய உரிமையாளரின் எல்லைக்குள் அகப்பட்டன.

இதற்கிடையே உள்ளூர்ச் சபைகளும் உருவாகலாயின. 1865இல் கண்டி மாநகர சபை ஸ்தாபிக்கப்பட்டது. 1871இல் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம் கம்சபைகள் என்னும் பழைய ஊர்ச் சபைகளுக்குப் புத்துயிர் அளித்தது. அதே 1871இல் பிறந்த ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பத்தாண்டு இடையறாத, எதிரிடையான அனுபோகத்தைக் காணியுரிமைக்கும் தனிப்பட்ட வழியுரிமைக்கும் ஆதாரமாக ஏற்றது. பொதுமக்களின் வழியுரிமைக்கோ ரோமன்-டச்சுச் சட்ட மரபு நினைவுக்கெட்டாத காலப் பழக்கத்தை வேண்டி நின்றது. ஒருவருக்குப் பத்தாண்டு போதியதாயிருக்க, ஊருக்குத் தலைமுறைகள் வேண்டியிருந்தன. வழக்காடும் பொருளும் காலமும் ஊராரிடம் அரிதாதலின், மன்றத்தைவிட உள்ளூர்ச் சபையே அவர்களின் கதியாயிற்று.

அத்தகைய உள்ளூர்ச் சபைகளான கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1980ஆம் ஆண்டின் அபிவிருத்தி சபைகள் சட்டத்தால் மறைந்து, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோன்றின. பொதுவழிகளைப் பராமரிப்பதும், அவற்றின்மேலான தடைகளை அகற்றுவதும் இச்சபைகளின் அதிகாரங்களுள் அடங்கும். ஆயினும் தவிசாளரின் மேசைக்கு வரும் விண்ணப்பம் பெரும்பாலும் ஒரு காகிதப் பிணக்கே. ஒருவர் தம் காணியைத் துண்டாக்கிக் கட்டிட அனுமதி கேட்கிறார். அவருடைய காணி உறுதியின் அட்டவணை கிழக்கெல்லையை ஒழுங்கை என்கிறது. நில அளவையாளரின் வரைபடமோ அவ்வொழுங்கையைப் புள்ளிக்கோடாகக் காட்டிச் சில அடிகளில் நிறுத்திவிடுகிறது. மேலே குடியிருப்போர், மழைக்காலத்தில் பிணத்தையும் பிள்ளையையும் அவ்வழியேதான் சுமந்தோம் என்று மனுவில் எழுதுகிறார்கள். அளவை, எல்லைக்கல், அயலாரின் வாக்குமூலம் ஆகியவற்றை ஒப்புநோக்கித் தீர்மானிக்கவேண்டிய சபை, வீதிப் பதிவேட்டில் அவ்வொழுங்கை இல்லாதபோது பெரும்பாலும் உறுதியின் பக்கமே சாய நேர்கிறது.

இச்சரித்திரத்தின் மிக நீண்ட குறை, தோட்டத் தொழிலாளரான இந்திய வம்சாவளி மக்களின் வழியே. தோட்டப் பாதைகள் தோட்ட நிர்வாகத்தின் உடைமையாகவே கருதப்பட்டமையால், அவற்றைச் செப்பனிடுமாறு எவரிடமும் மனுச் செய்ய வாய்ப்பற்ற நிலையில் லயன் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த அவர்கள், 1930களின் பிற்பகுதியில் கிராம சபை வாக்குரிமையினின்றும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாட்டின் குடியுரிமையினின்றும் விலக்கப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுள் நாடற்றோராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை அளித்தபின்னரும், பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்கு நிதி செலவிடத் தடையெனக் கொள்ளப்பட்டே வந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தமே அத்தடையை நீக்கிற்று. வாக்குச்சீட்டு இன்றி வழி கிடைப்பதில்லை என்பதற்கு மலைநாட்டைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அம்பிட்டியவை அடுத்துள்ள துனுமடலாவ நீரேந்து வனம் போன்ற இடங்களில் மாநகர சபையே காணியின் உரிமையாளனாக நின்று, வழியை நீர்ப்பாதுகாப்பின் பொருட்டு வரையறுக்கிறது. உரிமையாளனும் நடுவனும் ஒருவரேயாகும் இத்தகைய நிலையில், தீர்மானத்தின் காரணங்களை எழுத்தில் வைப்பது மேலும் அவசியமாகிறது. விண்ணப்பம் வந்தபின் விசாரிப்பதைவிட, ஒவ்வொரு வட்டாரத்திலும் நடைவழிகளை முன்னரே அளந்து, குடியிருப்பாளர் முன்னிலையில் பதிவேட்டில் ஏற்றி, ஆட்சேபங்களைக் கேட்டபின் வர்த்தமானியில் அறிவிப்பதே இச்சபைகளின் கடமை. அவ்வேலை முடியாதவரை, வேலி முதலில் போட்டவரே வெல்வர்.