தலைகளின் எண்ணிக்கையும் பணத்தின் எடையும்

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டங்களுக்கு முன்னால் பந்தய நிறுவனங்கள் இன்று இரு கணக்குகளை வெளியிடுகின்றன. பந்தயம் கட்டியோரில் நூற்றுக்கு எத்தனை பேர் எந்த அணியின் பக்கம் என்பது ஒன்று. கட்டப்பட்ட பணத்தில் நூற்றுக்கு எவ்வளவு எந்தப் பக்கம் என்பது மற்றொன்று. கூட்டம் போகும் திசைக்கு எதிரே கட்டினால் வெல்லலாம் என்பது இவற்றையொட்டி வளர்ந்த நம்பிக்கை. மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதைத் தடுத்திருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் செல்லாததாக்கியது. அதன்பின் இந்த நம்பிக்கை கைபேசிகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. அதற்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதை வரலாற்றைக் கொண்டு பார்ப்போம்.

1919ஆம் ஆண்டின் உலகத் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியும் சின்சினாட்டி ரெட்ஸ் அணியும் மோதின. சிகாகோவே வெல்லும் என்பது பொதுமக்களின் எண்ணம். தொடக்கப் பந்தய விகிதமும் அவ்வாறே இருந்தது. ஆனால் முதல் ஆட்டம் நெருங்க நெருங்கச் சின்சினாட்டியின் பக்கம் பெரும்பணம் குவிந்து, விகிதம் தலைகீழாகச் சரிந்தது. தலைகள் ஒரு பக்கம் இருக்கப் பணம் மறுபக்கம் பாய்ந்தது. சிகாகோவை நம்பிய எளிய ரசிகருக்கு அச்சரிவு எச்சரிக்கையாகத் தோன்றியிருக்காது. நல்ல அணி மலிவாகக் கிடைக்கிறது என்றே தோன்றியிருக்கும்.

அக்டோபர் 1 அன்று சிகாகோவின் பந்தெறியாளர் எடி சிகாட் தாம் எதிர்கொண்ட முதல் மட்டையாளரின் உடலில் பந்தை எறிந்தார். தோற்றுக்கொடுக்கும் ஏற்பாடு உறுதி என்பதற்கான சைகை அது. அந்த ஆட்டத்தைச் சின்சினாட்டி 9-1 எனவும், தொடரை 5-3 எனவும் வென்றது. உண்மை 1920 செப்டம்பரில் வெளிவந்தது. 1921 ஆகஸ்ட் 2 அன்று நீதிமன்றம் வீரர்களை விடுவித்தது. மறுநாளே ஆணையர் லாண்டிஸ் எட்டு வீரர்களையும் ஆட்டத்திலிருந்து விலக்கிவைப்பதாக அறிவித்தார். 2000ஆம் ஆண்டு தில்லிக் காவல்துறை வெளிக்கொணர்ந்த கிரிக்கெட் ஊழலை நினைவில் வைத்திருப்போர்க்கு இக்கதையின் போக்கு புதிதன்று.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு, கூட்டத்துக்கு எதிரே நிற்பதே அறிவு என்று முடிவுகட்டுவது பிழை. அன்று வென்ற பணம் கூட்டத்துக்கு எதிராக இருந்ததால் வெல்லவில்லை. கூட்டத்துக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரிந்திருந்ததால் வென்றது. விழுக்காட்டை மட்டும் பார்ப்பவருக்கு அந்த அறிவின் நிழல்தான் கிடைக்கும், அறிவு கிடைக்காது.

சூது ஏதும் கலவாத ஆட்டங்களுக்கும் ஆய்வு உண்டு. குதிரைப் பந்தயத்தில் வெல்ல வாய்ப்புக் குறைந்த குதிரைகள்மீது மக்கள் அளவுக்கு மீறிக் கட்டுவர் என்பது பழைய கண்டுபிடிப்பு. 1994இல் லிண்டா உட்லண்ட், பில் உட்லண்ட் ஆகிய இருவரும் பேஸ்பால் பந்தயச் சந்தையை ஆராய்ந்து, அங்கே நிலைமை இதற்கு நேர்மாறு என்று காட்டினர்: வலிய அணியின்மீதே பணம் சற்று மிகுதியாகச் சேர்கிறது. ஆகவே கூட்டத்தின் சாய்வு என்பது கற்பனையன்று. ஆயினும் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கழிவைத் தாண்டி இலாபம் தரும் அளவுக்கு அச்சாய்வு பெரிதன்று என்பதே அவர்கள் கண்ட முடிவு.

அக்கழிவை ஒரு கணக்கால் விளக்கலாம். வலிய அணிமீது 150 டாலர் கட்டினால் 100 ஆதாயம்; எளிய அணிமீது 100 கட்டினால் 130 ஆதாயம் என்று கொள்வோம். நட்டமின்றித் தப்ப, முதலாமவர் 100 ஆட்டங்களில் 60ஐ வெல்ல வேண்டும். இரண்டாமவர் ஏறத்தாழ 43.5ஐ வெல்ல வேண்டும். இரண்டையும் கூட்டினால் 103.5. நூற்றுக்கு மேற்பட்ட அந்த 3.5தான் நிறுவனத்தின் காப்பு. எழுபது விழுக்காட்டினர் வலிய அணியின் பக்கம் என்னும் செய்தி, எளிய அணி 43.5க்கு மேல் வெல்லுமா என்ற கேள்விக்கு விடையாகாது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. 1919இல் பணத்தின் ஓட்டத்தை அறிந்தோர் அதை மறைத்து வைத்தனர். இன்று விழுக்காட்டை வெளியிடுவோர் பந்தயத்தை ஏற்கும் நிறுவனத்தாரே. விலையைக் குறிப்பவரும் அவரே. கூட்டம் எங்கே சாயும் என்பதை நமக்கு முன்பே அறிந்தவரும் அவரே. விழுக்காடு மக்களின் மனநிலையைப் பதிவுசெய்யும் நல்லதொரு வரலாற்று ஆவணம். அதை வருவதுரைக்கும் குறியாகக் கொள்வோர், எதிராளி காட்டும் சீட்டை மட்டும் பார்த்து ஆடுகின்றனர்.