பழுது, பசை, தோல்: 'நீயே செய்' என்பதில் 'நீ' யார்?

1

'நம்ம பாட்டிமார் எதையும் தூக்கிப் போட்டதில்லை' என்கிற வாக்கியம் சமீப காலமாகச் சூழலியல் கூட்டங்களிலும் துண்டறிக்கைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கக் கிடைக்கிறது. கிழிந்த புடவை தூளியாயிற்று, தூளி கரித்துணியாயிற்று, நாற்காலிக்குக் கால் மாற்றினோம், செருப்புக்கு வார் தைத்தோம், பித்தளைக்கு ஈயம் பூசினோம், இப்போது எல்லாவற்றையும் வீசுகிறோம் என்பதாக நகரும் இந்தக் கதையாடல் ஓர் அறிவுரையில் போய் முடியும்: உங்கள் வீட்டுப் பொருளை நீங்களே பழுதுபாருங்கள். அறிவுரையோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த 'நாம்' யார் என்பதுதான் கேள்வி. ஈயம் பூசியது பாட்டி அல்ல, தெருவில் கூவிக்கொண்டு போனவர். செருப்புக்கு வார் தைத்தவர் வீட்டு வாசற்படி ஏறாதவர். இவர்கள் எல்லோரையும் 'நாம்' என்ற தன்மைப் பன்மைக்குள் கரைத்துவிட்டுத்தான் பாட்டியின் சிக்கனம் புனிதமாகிறது.

மேற்கில் 'நீயே செய்' என்பதற்குக் குறிப்பான ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1941இல் துணிக்கு ரேஷன் வந்தது. இருப்பதை ஒட்டுப்போட்டு ஓட்டச் சொல்லி 1943இல் அரசே கையேடு போட்டது. போருக்குப் பிறகு கைவேலைக்காரரின் கூலி ஏற, நடுத்தர வர்க்கத்து ஆண் தன் வீட்டுச் சுத்தியலைத் தானே எடுக்க வேண்டியதாயிற்று. அங்கே கூலி ஏறியதில் பிறந்த பழக்கம் அது. இங்கே கூலி ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சாதி இருந்தது.

கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிற 'பிரிகோலர்' பற்றி 1962இல் லெவி-ஸ்த்ராஸ் எழுதியதை நம்மில் பலர் மேற்கோள் காட்டியாயிற்று. தொன்மச் சிந்தனையை விளக்க அவருக்கு அந்த உருவகம் உதவியது. நம்மூர்ப் பிரிகோலருக்கு ஊரில் ஓர் இடமும், தொடக்கூடிய பொருள், தொடக்கூடாத பொருள் என்றொரு பட்டியலும் விதிக்கப்பட்டிருந்தன என்பதை நாம்தான் சேர்த்து எழுதியாக வேண்டும்.

2

தமிழகத்தின் பல பகுதிகளில் கிணற்றுப் பாசனம் கவலையை நம்பி இருந்தது. மாடு பின்னுக்கும் முன்னுக்கும் நடக்க, நீரை அள்ளி வந்தது தோலால் ஆன சால். தோல் நீரில் ஊறும், அழுகும், தையல் விடும். அதைத் தைத்துக் கொடுப்பது அருந்ததியர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட கடமை. ஒவ்வொரு தையலுக்கும் காசு கிடையாது, அறுவடைக் களத்தில் தானியமாக அளந்து கொடுப்பதுதான் வழக்கம். ஆக, பழுதுபார்த்தல் அங்கே சேவையும் அல்ல, வணிகமும் அல்ல. பிறப்பால் வந்த கடன். விலை பேச முடியாத உழைப்பு.

இந்தச் சாலிலிருந்துதான் நம் புறநகரின் பெயர் ஒன்று கிளைத்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் பதனிடுதலைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிப் பதமாகும் தோலைவிட, குரோமிய உப்பில் விரைவாகப் பதமாகும் தோல் தண்ணீரை அதிகம் தாங்கும். கவலைச் சாலுக்கு உழைக்கும் தோல் கிடைக்குமா என்பது அந்தச் சோதனையின் நோக்கங்களில் ஒன்று. அரசு தொழில் நடத்தலாமா என்று ஐரோப்பிய வணிகர்கள் கிளப்பிய எதிர்ப்பும், 1910இல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி காட்டிய கண்டிப்பும் சேர, அரசு அதிலிருந்து விலகிக்கொண்டது. 1912இல் பல்லாவரம் பக்கம் சேம்பர்ஸ் என்பவர் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். ஊர் குரோம்பேட்டை ஆயிற்று. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தோலைத் தொட்டால் தீட்டு என்று நினைத்த வீட்டு மனிதரும் தோல் பதனிடும் ரசாயனத்தின் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. பெயர் வாயில் ஏறிவிட்டது. தோலைத் தொட்ட கை வீட்டுக்குள் ஏறவில்லை.

3

புறநகர் வீட்டைப் பழுதுகளின் வரைபடமாக வாசித்துப் பார்க்கலாம். உள்ளே பெண்ணின் கை இருந்தது: தலையணை உறை, கிழிசல், வயர் கூடை, இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் வயர் அறுந்த நாற்காலி. மத்தியானம் பாத்திரம் துலக்கிய பிறகு தாழ்வாரத்தில் உட்கார்ந்து நாற்காலி முழுவதையும் திரும்பப் பின்னி எடுப்பதை யாரும் 'ரிப்பேர்' என்று சொன்னதில்லை. 'சும்மா உக்காந்திருந்தா, பின்னிட்டா' என்பதுதான் அதற்குக் கிடைத்த பெயர். வாசலில் இன்னொரு கை: மெத்தை தைப்பவர், குடை ரிப்பேர், சாணை பிடிப்பவர், அம்மி கொத்துபவர். அதற்கும் அப்பால் ஜி.எஸ்.டி. ரோட்டோரம், ஸ்டேஷன் படிக்கட்டருகே, சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரின் கை. உள், வாசல், தெருமுனை. பொருள் எவ்வளவு தூரம் வெளியே போனதோ அவ்வளவுக்குக் கூலியும் மரியாதையும் இறங்கின.

இந்த வரைபடத்தைச் சத்தமில்லாமல் மாற்றியவை இரண்டு பொருள்கள். ஒன்று ரெக்சின், மற்றது பசை.

சோபா என்ற சாமான் நடுத்தர வீட்டுக்கு ரெக்சின் போர்த்துக்கொண்டுதான் வந்தது. துணிமேல் பிளாஸ்டிக் பூசி, தோலின் வரிகளை அச்சடித்த போலித் தோல். விலை மலிவு என்பதே முதற்காரணம், அதை நான் மறுக்கவில்லை. விளைவைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்: தோலின் தோற்றம் கூடத்துக்குள் வந்தது, தோலும் தோலைத் தொட்டவரும் வராமலே.

பசையின் கதை இன்னும் நுட்பமானது. தச்சர்கள் முன்பு பயன்படுத்திய வஜ்ரம், விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. அடுப்பில் வைத்து உருக்க வேண்டும், நாறும். 1959இல் வந்த ஃபெவிகால் அந்த நாற்றத்தையும் விலங்கையும் சேர்த்தே அப்புறப்படுத்திவிட்டது. பிறகு இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒழுகலில் அப்பும் எம்-சீல், ஒரு சொட்டில் ஒட்டும் ஃபெவிக்விக். குழாய், வாளி, டேபிள் கால் என்று சாதி பாராமல் எல்லா வீட்டுக் கைகளும் அப்பின. இதை ஒரு விடுதலை என்றே சொல்வேன். ஆனாலும் ஒன்றை இழந்தோம். வஜ்ரத்தில் ஒட்டிய மூட்டைச் சுடுநீரும் சூடும் காட்டித் திரும்பப் பிரிக்கலாம், காலை மாற்றி மறுபடி ஒட்டலாம். புதிய பசைகள் பிரிவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிரிக்க முடியாததைப் பழுதுபார்க்கவும் முடியாது. ஒட்டுவது எல்லோருக்கும் எளிதாகிற அதே கணத்தில் பழுதுபார்ப்பது கடினமாகிறது.

4

இது வெறும் கோட்பாட்டுப் பேச்சு அல்ல என்பதை 2015 காட்டியது. டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. எல்லாப் பழியும் செம்பரம்பாக்கத்தின்மீது விழுந்த நாட்கள் அவை. ஆனால் அதன் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே, முடிச்சூருக்குக் கீழே. முடிச்சூர்க்காரர்களின் கூடத்துக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் வழிந்த நீர்.

நீர் வடிந்ததும் தெருவெல்லாம் சாமான் குவியல். நண்பர் ஒருவரின் வீட்டைக் கழுவப் போயிருந்தேன். மரத்தூளை அழுத்தி ஒட்டிய பலகையில் செய்த அலமாரி, ஊறிய ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. அப்படி உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, ஸ்க்ரூ பிடிக்காது. அதே அறையில் இருந்த பழைய தேக்குப் பெஞ்சைக் கழுவி நிழலில் போட்டோம், தப்பித்தது. இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, பஞ்சை உலர்த்தி, புது உறையில் அடைக்க ஆள் கிடைத்தார். சோபாவைத்தான் ஒன்றும் பண்ண முடியவில்லை. நுரைமெத்தை சேற்றுநீரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டது. மேலே ரெக்சின் மூடியிருந்ததால் ஈரம் போக வழியில்லை, உள்ளே பூஞ்சை. நண்பரின் அம்மா விடவில்லை:

'ஏம்ப்பா, வெயில்ல போட்டா வராதா?'

மெத்தைக்காரர் சோபாவைக் கவிழ்த்து அடிப்பக்கம் காட்டினார். 'நூல்ல தச்சிருந்தா நூலப் பிரிச்சு எடுத்துரலாம்மா. இது பூரா பின்னு. உருவினா துணி கிழியும், கட்டையும் போயிரும். புதுசு வாங்குற காசு ஆயிரும்.'

இதைவிடத் தெளிவாகப் பழுதுபார்த்தலின் அரசியல் பொருளாதாரத்தை நான் எங்கும் படித்ததில்லை. பொருள் உடைந்தபின் அல்ல, பட்டறையில் நூலா பின்னா என்று தீர்மானிக்கும்போதே அதன் ஆயுள் தீர்மானமாகிவிடுகிறது. அந்தத் தீர்மானத்தை எடுத்தவரை விட்டுவிட்டு, வாங்கியவரைப் பார்த்து 'வீசாதே' என்கிறோம். அப்புறம் குவியலை அள்ளியது யார்? பிற ஊர்களிலிருந்து லாரிகளிலும் பஸ்களிலும் அழைத்துவரப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள். பழைய வரைபடத்தின் தெருமுனை மறுபடியும் அவர்களுக்குத்தான் ஒதுக்கப்பட்டது.

பழுது வீட்டோடு நிற்பதுமில்லை. 2017 மார்ச்சில் இதே அடையாற்றுப் படுகையில், மணிமங்கலத்தில், அரசு 'குடிமராமத்து' திட்டத்தைத் தொடங்கியது. மக்களே தம் ஏரியைச் செப்பனிட்ட பொற்காலத்தின் சொல் என்று அதைக் கொண்டாடினார்கள். அந்த மரபு உழைப்பைத் தர மறுப்பவர்களைக் கட்டாயப்படுத்த 1858இல் சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் தேவைப்பட்டது என்பதை யாரும் சொல்லவில்லை. மனமுவந்த கூட்டு உழைப்பு என்றால் அதற்குச் சட்டம் எதற்கு? மண்ணை வெட்டிய குடியும் மதகைத் திறந்து நீரைப் பங்கிட்ட குடியும் ஒன்றாக இருந்தார்களா? 'நீயே செய்' என்று அதிகாரம் சொல்லும்போது நாம் கேட்க வேண்டியவை இவைதாம்.

5

கைவேலையைப் புகழ்ந்து தமிழில் எழுதுகிற எவரும் 1953ஐத் தாண்டித்தான் வர வேண்டும். அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோர் தொழில் என்ற ராஜாஜியின் திட்டம் 'குலக்கல்வி' என்று அடையாளம் காணப்பட்டு எதிர்க்கப்பட்டது. 1954இல் அவர் விலக, காமராஜர் அதைக் கைவிட்டார். கைவேலை கற்பது கெடுதல் என்று அன்று யாரும் எதிர்க்கவில்லை. செருப்புத் தைப்பவரின் பிள்ளைக்குச் செருப்பு, அய்யரின் பிள்ளைக்குப் புத்தகம் என்பதைத்தான் எதிர்த்தார்கள். 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டபோது அதே பேய் திரும்ப வந்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 18 வயது என்ற வரம்பையும் மாற்றக் கேட்டது தமிழக அரசு. அது ஏற்கப்படாத நிலையில், குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல், 35 வயதுக்கு மேற்பட்டோருக்கென வேறொரு திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. தொடங்கிய இடம், நம் தென்புறநகரின் குன்றத்தூர்.

1936இலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார்: சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பாளிகளையும் பிரிக்கிறது என்று. இதன் வெளிச்சத்தில் காந்தியையும் வாசிக்கலாம். தென்னாப்பிரிக்காவில் அவர் செருப்புத் தைக்கக் கற்றார், 1914இல் தன் கையால் தைத்த ஜோடியை ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். மேல்சாதிக் கை தோலைத் தொட்டது சிறிய விஷயமல்ல. ஆனால் அவர் விரும்பியபோது தொடலாம், விரும்பியபோது வைத்துவிடலாம். விட்டுவிட முடியாதவரின் கைக்கு அது விடை ஆகாது. 'நீயே செய்' என்பதன் முற்போக்குப் பக்கம் எல்லோரும் எதையும் தொடுவதில் இருக்கிறது. யாரும் எதையும் தொட்டே ஆக வேண்டும் என்ற விதி ஒழிவதில்தான் அது நிறைவேறும்.

2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன் முதலிய மின்னணுச் சாதனம், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் என நான்கு துறைகள். உதிரிபாகமும் கையேடும் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது, ஆதரிக்க வேண்டியது. ஆனால் அங்கே உரிமை கோருபவர் நுகர்வோர் மட்டும்தான். ஜி.எஸ்.டி. ரோட்டோரச் சாக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு நிழல், கூலி, உட்கார ஓர் இடத்தின்மீது உரிமை என்பவை இந்தப் பேச்சில் வருவதில்லை. நாற்காலி பின்னிய பெண்ணின் மத்தியானமும் கணக்கில் இல்லை.

பசை எட்டாத பழுதுகளும் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டையில் பதனிடும் தொட்டிகளின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிற்று. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள்மீது, கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நியதியைச் சுமத்தியது. அந்த நியதியைச் சோபாவுக்கும் நீட்டிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது: பிரிக்க முடியாதபடி செய்தவர் அதன் குப்பைக்கும் பொறுப்பேற்கட்டும்.

ஆகவே பழுதுபார்ப்போம், தாராளமாக. ஊசியும் நூலும் ஆண்கள் கையிலும் வரட்டும், அறுந்த செருப்பை வீட்டுத் திண்ணையிலேயே வைத்துத் தைப்போம், தெரியாததைத் தெருமுனைக்காரரிடம் கேட்டு, கற்றுக்கொடுத்ததற்குக் கூலியும் கொடுப்போம். பாட்டியின் சிக்கனத்தைப் பாடுவதற்கு முன், அவள் வீட்டுப் பொருள்கள் எந்தெந்தக் கைகளுக்குப் போய்த் திரும்பின, அந்தக் கைகளுக்கு என்ன அளந்து கொடுக்கப்பட்டது என்ற கணக்கை எடுத்து வைத்துவிட்டுப் பேசுவோம்.