சிரிப்புக் கோடுகளும் நிரப்பு ஊசிகளும்

கண்ணாடியின் முன் நின்று ஒருமுறை சிரித்துப் பாருங்கள். மூக்கின் இரு பக்கங்களிலும் தொடங்கி, வாயின் ஓரங்களை நோக்கி வளைந்து இறங்கும் இரண்டு கோடுகள் தெரிகின்றன அல்லவா? இளைஞர் முகத்தில் சிரிப்பு அடங்கியதும் இக்கோடுகளும் மறைந்துவிடும். முப்பதைக் கடந்தவர் முகத்திலோ, சிரிப்பு போன பின்பும் மெல்லிய தடமாக அவை தங்கத் தொடங்கும். இதை எழுதும் எனக்கும் அந்தத் தடம் விழத் தொடங்கிவிட்டது.

கல்லூரியில் ஒருநாள் திரவங்களின் பாகுநிலை பற்றிய பாடத்தை முடித்துவிட்டு வெளியே வந்தபோது, மாணவி ஒருத்தி தயங்கியபடியே ஒரு கேள்வி கேட்டாள். "சார், முகக் கோட்டைப் போக்க ஊசி போடுகிறார்களே, அது எத்தனை நாள் நிற்கும்? எங்கள் அக்காவிடம், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று ஓர் அழகு நிலையத்தில் சொன்னார்களாம்."

ஆயுளுக்கும் நிற்பது நல்லதுதானே என்று நீங்களும் நினைக்கலாம். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் வரலாறு வேறொரு பாடத்தைக் கூறுகிறது. அவ்வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

கோடு ஏன் விழுகிறது?

நம் தோலின் மேற்படலத்திற்கு அடியில் கொல்லாஜன் என்னும் புரத இழைகள் பின்னிக் கிடக்கின்றன. தோலுக்கு உறுதி தருபவை இவையே. இழுத்து விட்டால் தோல் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு எலாஸ்டின் என்ற மற்றொரு புரதம் துணை செய்கிறது. இவ்விழைகளுக்கு இடையே நீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ் போன்ற பொருள் ஒன்றும் உண்டு. வயது ஏற ஏற இழைகள் மெலிகின்றன. கன்னத்துக் கொழுப்பு குறைந்து கீழே சரிகிறது. ஒரே இடத்தில் பன்முறை மடித்த காகிதத்தில் மடிப்புத் தடம் நிலைப்பதுபோலத் தோலிலும் தடம் நிலைக்கிறது. வெயிலும் புகைப் பழக்கமும் இதை விரைவுபடுத்துகின்றன.

பள்ளம் விழுந்த இடத்தில் ஏதேனும் ஒன்றை வைத்து நிரப்பினால் என்ன? இந்த எண்ணத்திலிருந்தே நிரப்பு ஊசிகளின் வரலாறு தொடங்குகிறது.

கொழுப்பும் மெழுகும்

1893ஆம் ஆண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர் பிரான்ஸ் நாய்பர், ஒரு நோயாளியின் கையிலிருந்து கொழுப்பை எடுத்து, முகத்தில் தழும்பால் குழிந்திருந்த இடத்தை நிரப்பினார். கொழுப்புத் துண்டு சிறிதாக இருந்தால்தான் அது புதிய இடத்தில் ஒட்டி வாழும் என்பதையும் அவர் கண்டார். பெரிய துண்டின் நடுப்பகுதிக்கு இரத்தம் சென்று சேருவதில்லை. ஆகவே அது கரைந்து போய்விடுகிறது.

கொழுப்பு கரைகிறது என்றால் கரையாத பொருளைத் தேட வேண்டியதுதானே? 1899இல் வியன்னா மருத்துவர் ராபர்ட் கெர்சுனி, காசநோயால் விரைகளை இழந்த ஓர் இளைஞருக்கு, அவ்விடத்தை நிரப்ப வாசலினை இளக்கி ஊசி மூலம் செலுத்தினார். அது உள்ளே சென்று கெட்டியானது. பார்வைக்கும் இயற்கையாக இருந்தது. செய்தி பரவியதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாசலினையும் பாரபின் மெழுகையும் மூக்கிலும் கன்னத்திலும் முகச் சுருக்கங்களிலும் செலுத்தத் தொடங்கினர். மலிவான பொருள், சில நிமிட வேலை, உடனே பலன். இவ்வளவு போதாதா?

இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. வாசலின் ஒரு கலவைப் பொருள். அதற்குத் திட்டமான உருகுநிலை கிடையாது. உடலின் 37 பாகை வெப்பத்தில் அது திண்மமும் அன்று, திரவமும் அன்று. அத்தகைய பொருளின் மீது சிறு விசை நெடுநாள் செயல்பட்டாலும் அது மெல்ல மெல்ல ஊர்ந்து நகரும். காய்ச்சல் வந்தால் இன்னும் இளகும். பெர்லினைச் சேர்ந்த எக்ஸ்டைன் என்ற மருத்துவர், உருகுநிலை மிகுந்த கடின மெழுகைப் பயன்படுத்தினால் இக்குறை நீங்கும் என்றார். ஆனால் மற்றொரு குறை நீங்கவில்லை. உடல் தன்னால் செரிக்க இயலாத பொருளைப் பகையாகவே கருதுகிறது. வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து விழுங்க முயல்கின்றன. முடியாதபோது நார்த் திசுவால் சுவர் எழுப்பி அடைத்து வைக்கின்றன. அவ்விடம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் கட்டியாகப் பருத்து உருக்குலைகிறது. மருத்துவர்கள் இக்கட்டிக்குப் பாரபினோமா என்று பெயரிட்டனர். மெழுகு இரத்தக் குழாயில் புகுந்து பார்வையைப் பறித்த நிகழ்ச்சியும் 1903ஆம் ஆண்டிலேயே பதிவாயிற்று.

அதே ஆண்டையொட்டி, கிளாடிஸ் டீக்கன் என்ற அமெரிக்கப் பெண், தம் மூக்கு கிரேக்கச் சிலைகளில் இருப்பதுபோல் நேராக வேண்டும் என்று பாரபினைச் செலுத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது சுமார் 22. ஐரோப்பாவின் பேரழகிகளுள் ஒருவர் என்று புகழப்பட்டவர். மெழுகு நாளடைவில் கீழே இறங்கித் தாடை வரை பரவி, அவர் முகத்தையே மாற்றிவிட்டது. 1921இல் அவர் இங்கிலாந்தின் மார்ல்பரோ கோமகனை மணந்தார். 1977 வரை வாழ்ந்தார். ஊசி போட்ட சில நிமிடங்களின் விளைவை எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் தம் முகத்தில் சுமந்தார்.

சிலிக்கோன் வந்தது

மெழுகு கைவிடப்பட்டது, ஆனால் நிலையான பொருள் வேண்டும் என்ற ஆசை கைவிடப்படவில்லை. இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில், தொழிற்சாலைகளுக்கென உருவான திரவச் சிலிக்கோன் ஜப்பானில் மனித உடலுக்குள் செலுத்தப்பட்டது. 1960களில் இவ்வழக்கம் அமெரிக்காவிலும் பரவியது. சிலிக்கோன் உருகாது, அழுகாது, எளிதில் வேதிவினை புரியாது. ஆயினும் மெழுகு செய்ததையே அதுவும் செய்தது: இடம் பெயர்ந்தது; கட்டி உண்டாக்கியது; சிலருடைய உயிரையும் வாங்கியது. 1970களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடா மாநிலம் இவ்வூசியைச் சட்டத்தால் தடை செய்தது. முகத்தை நிரப்புவதற்குத் திரவச் சிலிக்கோனைச் செலுத்த அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இன்றுவரை அனுமதி தரவில்லை.

பசுத்தோல் தந்த புரதம்

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் வேறு திசையில் சிந்தித்தனர். தோலில் குறைவது கொல்லாஜன் என்றால் கொல்லாஜனையே கொடுத்தால் என்ன? பசுத்தோலிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய கொல்லாஜன் ஊசி, ஸைடெர்ம் என்ற பெயரில் 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இத்தேவைக்காக அங்கே முறைப்படி அனுமதி பெற்ற முதல் நிரப்பு ஊசி இதுவே.

இதில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, பசுவின் புரதம் நூற்றில் ஏறத்தாழ மூவருக்கு ஒவ்வாமையை உண்டாக்கியது. ஆகவே முன்கையில் சிறிதளவு செலுத்தி, நான்கு வாரம் காத்திருந்து, சிவப்போ தடிப்போ இல்லை என்று கண்ட பிறகே முகத்தில் போட்டனர். இரண்டாவது, உடலிலுள்ள நொதிகள் அதைச் சிதைத்ததால் மூன்று நான்கு மாதங்களில் பள்ளம் மீண்டும் தலைகாட்டியது. முன்னைய பொருள்கள் போகாமல் தொல்லை தந்தன. இதுவோ தங்காமல் ஏமாற்றியது.

கண்ணுக்குள் கிடைத்த கூழ்

இந்நிலையில் கைகொடுத்த பொருள் முகத்துக்காகத் தேடியதே அன்று. 1934ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இருவர், பசுவின் கண்ணிலுள்ள பளிங்குக் கூழிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தனர். அதற்கு ஹயலுரோனிக் அமிலம் என்று பெயரிட்டனர். சர்க்கரை அலகுகள் இரண்டிரண்டாக ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி அது. நீரைப் பெருமளவில் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயற்கையாகவே உள்ளது. எல்லா உயிரினங்களிலும் இச்சங்கிலியின் அமைப்பு ஒன்றே. ஆதலால் தூய்மையாக்கிய பின் ஒவ்வாமைக்கு இடம் மிகக் குறைவு.

ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பலாஷ் என்ற அறிவியலார், ரொட்டித் தொழிலில் முட்டையின் வெள்ளைக் கருவுக்கு மாற்றாக இதைப் பயன்படுத்தலாம் என்று 1942இல் காப்புரிமை கோரினார்! பின்னர் சேவற்கொண்டையிலிருந்து மிகத் தூய நிலையில் இதைப் பிரிக்கும் முறையை அவர் வகுத்தார். 1980 வாக்கில் அது கண் அறுவை மருத்துவத்துக்கு வந்தது.

முகத்துக்குப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் இருந்தது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் ஹயலுரோனிக் அமிலம் உள்ளது. அதில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாகிறது. அப்படியானால் இயற்கை வடிவில் செலுத்துவது சில நாள் கூடத் தாங்காதே! இதற்குத் தீர்வு குறுக்குப் பிணைப்பு. தனித்தனி நூல்களை ஒன்றோடொன்று முடிச்சிட்டால் வலையாகிறது அல்லவா? அதுபோலச் சங்கிலிகளை வேதிப்பொருளால் ஆங்காங்கே இணைத்தால், நீரில் கரையும் பொருள் நீரைத் தாங்கும் கூழாகிறது. நொதி ஒரு நூலை அறுத்தாலும் மற்ற முடிச்சுகள் வலையைத் தாங்கி நிற்கும்.

சுவீடனின் உப்சாலா நகர நிறுவனமொன்று, சேவற்கொண்டையை விடுத்து நுண்ணுயிர்களை வளர்த்து இதைத் தயாரித்தது. ரெஸ்டிலேன் என்ற அந்தக் கூழ் 1996இல் ஐரோப்பாவிலும், 2003 டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்கச் சோதனையில் 138 பேரின் சிரிப்புக் கோடுகளில், ஒரு பக்கம் ரெஸ்டிலேனும் மறுபக்கம் பசுக் கொல்லாஜனும் செலுத்தினர். ஒரே முகத்தில் இரு பொருள்கள். ஆகவே ஒப்பீடு நேரானது. ஆறு மாதம் கழித்து, ஏறத்தாழ 57 விழுக்காட்டினருக்கு ரெஸ்டிலேன் பக்கமே மேலாக இருந்தது. கொல்லாஜன் பக்கம் மேலாக இருந்தோர் 10 விழுக்காட்டுக்கும் குறைவே. பசுக் கொல்லாஜன் ஊசிகள் 2010 வாக்கில் விற்பனையிலிருந்தே விலகின.

எத்தனை நாள் நிற்கும்?

ஹயலுரோனிக் கூழ்கள் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை பலன் தருகின்றன. குறுக்குப் பிணைப்பு, கூழின் செறிவு, போடும் ஆழம், அவ்விடத்துத் தசையின் அசைவு ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். அண்மை ஆண்டுகளில் எடுத்த காந்த ஒத்ததிர்வுப் படங்களில், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் கூழின் மிச்சம் தென்பட்டது. பலன் மறைவதும் பொருள் மறைவதும் ஒன்றல்ல என்பதை இதனால் அறிகிறோம்.

கால்சியம் ஹைட்ராக்சி அபடைட் என்பது எலும்பில் உள்ள கனிமம். 25 முதல் 45 மைக்ரான் அளவுள்ள அதன் நுண்கோளங்களைக் கூழில் கலந்து செலுத்தினால் சுமார் ஓராண்டு நிற்கும். பாலிலாக்டிக் அமிலம் உடனே நிரப்புவதில்லை; சில வார இடைவெளியில் சில தடவை செலுத்தினால் உடலையே கொல்லாஜன் உண்டாக்கத் தூண்டும்; பலன் இரண்டு ஆண்டு வரை நீடிக்கலாம். எச்.ஐ.வி. நோயால் கன்னம் குழிந்து, வெளியே முகம் காட்டத் தயங்கியவர்களுக்காகவே 2004இல் அமெரிக்கா இதற்கு முதலில் அனுமதி அளித்தது. நிரப்பு ஊசி வெறும் அழகு மோகம் மட்டுமன்று என்பதற்கு இது சான்று. இறுதியாக, அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்கோளங்கள். இவை கரைவதே இல்லை.

எதைத் தேர்வது?

ஊசியின் துளை அரை மில்லிமீட்டரை விடக் குறுகலானது. அதனுள் அழுத்தும்போது கூழ் பற்பசைபோல் இளகி ஓட வேண்டும். வெளியே வந்ததும் நிமிர்ந்து தோலைத் தாங்க வேண்டும். ஆழமான கோட்டுக்கு மீட்சிக் குணகம் மிகுந்த உறுதியான கூழும், ஓயாமல் அசையும் உதட்டுக்கு மென்மையான கூழும் ஏற்றவை. இதனால்தான் ஒரே பொருளில் பல வகைகள் விற்பனையாகின்றன.

ஆனால் இவற்றினும் முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: தவறு நேர்ந்தால் திரும்ப எடுக்க முடியுமா? சிரிப்புக் கோட்டை ஒட்டியே முகத் தமனி ஓடுகிறது. அதன் கிளைகள் கண்ணின் தமனியோடும் தொடர்புடையவை. அரிதாகவேனும் கூழ் தமனிக்குள் புகுந்தால் தோல் அழுகலாம், பார்வையும் போகலாம். ஹயலுரோனிக் கூழைச் சிதைக்க ஹயலுரோனிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அதை உடனே செலுத்தினால் பல வேளைகளில் தோலைக் காப்பாற்றலாம். போன பார்வை மீள்வது மட்டும் அரிது. மற்றப் பொருள்களுக்கு இத்தகைய மாற்று மருந்தே கிடையாது. ஆகவே ஊசி போடுபவர் முகத்தின் இரத்தக் குழாய்களை அறிந்த மருத்துவராக இருப்பதும், அந்நொதி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும் இன்றியமையாதவை. ஊசியின்றி அழுத்தத்தால் செலுத்தும் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நிருவாகம் 2021இல் எச்சரித்ததும் நினைவில் இருக்கட்டும்.

அந்த மாணவியிடம் இவ்வளவையும் கூறிவிட்டு, அக்காவை மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். செலுத்தும் பொருளின் பெயர் என்ன? போடுபவர் மருத்துவரா? வேண்டாம் என்றால் கரைக்க முடியுமா? நான்காவது கேள்வி ஒன்றை அவளே சேர்த்துக்கொண்டாள்: "இப்போது தேவைதானா என்றும் கேட்கிறேன், சார்."

முகம் மாறிக்கொண்டே இருப்பது. இருபத்தைந்து வயதில் பொருந்திய நிரப்பு, ஐம்பது வயதில், கன்னம் சரிந்த பின், அதே இடத்தில் பொருந்தாது. "ஆயுளுக்கும் நிற்கும்" என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், கிளாடிஸ் டீக்கனின் மெழுகும் ஆயுளுக்கும் நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.