இருசக்கர வாகனப் பாதுகாப்பு: விருப்பத்திலிருந்து விதிக்கு

இந்தியாவில் மோட்டார் சைக்கிள் தொழில் வேரூன்றியது 1950களில். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வந்தது. 1961 முதல் மைசூரில் ஜாவா தயாரானது. அந்தக் காலத்து வண்டிகளில் பாதுகாப்பு என்று தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஆறு வோல்ட் மின்னழுத்தத்தில் மங்கலாக எரியும் முகப்பு விளக்கு, அவ்வளவுதான்.

மிதிகளின் இடமும் வண்டிக்கு வண்டி மாறியது. புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜாவாவில் இதற்கு நேர்மாறு. ஜாவா ஓட்டிப் பழகியவர் புல்லட்டில் ஏறி அவசரத்தில் வலது காலை அழுத்தினால், பிரேக்குக்குப் பதில் கியர்தான் விழும். இடது காலில் கியர் என்ற முறையை அமெரிக்கா 1970களில் சட்டமாக்கியது. உலகச் சந்தை அதைப் பின்பற்றிய பிறகும் புல்லட்டின் வலது கியர் 2000களின் பிற்பகுதி வரை நீடித்தது.

டிரம் பிரேக்கில் மூடிய உருளைக்குள் இரண்டு லைனர்கள் விரிந்து உரசும். சூடு வெளியேற வழி குறைவு. மழைநீர் புகுந்தால் பிடிமானம் தளரும். இதற்கு மாற்றான டிஸ்க் பிரேக்கை ஹோண்டா சிபி750, 1969இலேயே பெருந்திரள் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு அது வரத் தாமதமானது. ஜப்பானில் டிஸ்க் பிரேக்குடன் விற்ற யமஹா ஆர்டி350, 1983இல் ராஜ்தூத் 350 ஆக இங்கே வந்தபோது டிரம் பிரேக்குடன்தான் வந்தது. வேகம் அப்படியே வந்தது. அதை அடக்கும் கருவி வரவில்லை.

1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி100 எரிபொருள் சிக்கனத்தையே விளம்பரமாக்கிப் பெருவெற்றி கண்டது. “லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?” என்பதே ஷோரூமில் முதல் கேள்வியாக நிலைத்தது. 1999இல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001இல் பஜாஜ் பல்சர் ஆகியவை முன்சக்கர டிஸ்க் பிரேக்கை இளைஞர்களிடையே பரப்பின. ஆனாலும் அது நெடுங்காலம் விலை கூடிய வகைகளுக்கே உரியதாக இருந்தது. பணம் குறைவாக இருந்தவர் டிரம் பிரேக் வண்டியோடு திரும்பினார்.

இந்தியச் சாலைக்கே உரிய பாதுகாப்புக் கருவி ஒன்றும் உண்டு: சேலைக் காப்பு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டும் என்கிறது. ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. ஒருபக்கமாக அமர்ந்து செல்லும் பெண்களின் முந்தானை ஆரக்கால்களில் சுற்றிக்கொள்ளும் விபத்துகளுக்கான விடை இது. வண்டியின் அழகைக் கெடுக்கிறது என்று வாங்கிய கையோடு இதைக் கழற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

ஹெல்மெட்டின் கதையும் இதே பாதையில் சென்றது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவில் அதைக் கட்டாயமாக்கியது. நடைமுறை வேறாக இருந்தது. தமிழ்நாட்டில் 2007இல் கொண்டுவரப்பட்ட கட்டாயம் விரைவிலேயே தளர்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2015 ஜூலை 1 முதல் பின்னால் அமர்பவருக்கும் சேர்த்து மீண்டும் கட்டாயமானது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட் விற்பனைக்கு 2021 ஜூனில்தான் நாடு முழுவதும் தடை வந்தது.

பிரேக்கில் அடுத்த பெரிய மாற்றம் ஏபிஎஸ். முன்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் வண்டி சரியும். அந்த அச்சத்தில் பின்பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுபவர்கள் ஏராளம். அதனால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் நீளும். ஏபிஎஸ்ஸில் சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தை ஒரு சென்சார் கவனிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் கணத்தில் பிரேக் அழுத்தம் தளர்ந்து, உடனே மறுபடி ஏறும். நொடிக்குப் பலமுறை இது நடக்கும். 1988இல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் முதலில் வந்த அமைப்பின் எடை ஏறத்தாழ 11 கிலோ. பின்னாளில் அது ஒரு கிலோவுக்கும் கீழே இறங்கியதால் சிறிய வண்டிகளிலும் பொருத்த முடிந்தது.

விதிகளின் காலம் அதன் பின் வந்தது. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும் என்றானது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதற்குட்பட்டவற்றுக்குக் குறைந்தபட்சம் சிபிஎஸ் என்ற விதி 2018 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும் 2019 ஏப்ரலில் எல்லா மாடல்களுக்கும் அமலானது. சிபிஎஸ் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பகிரும். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் முன்சக்கரத்தை மட்டும் காக்கும். இரட்டைச் சேனல் இரண்டையும் காக்கும்.

வாங்குபவர் கேட்டதால் வந்தது மைலேஜ். பாதுகாப்பு பெரும்பாலும் சட்டம் சொன்னதால் வந்தது. சட்டம் வகுப்பது குறைந்தபட்ச எல்லையை மட்டுமே. அதற்கு மேல் எந்தப் பிரேக், எத்தனை சேனல் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது இன்றும் வாங்குபவரின் பொறுப்புதான்.