பிள்ளைகளும் சாலையும்: குழந்தைகள், பதின்வயதினரின் விபத்து மரணங்கள்

ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளை உலகில் இன்று அதிகம் பலிகொள்வது சாலை. உலக சுகாதார நிறுவனம் 2023 இறுதியில் வெளியிட்ட அறிக்கை, 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணக் காரணங்களில் சாலை விபத்துக்கே முதலிடம் தருகிறது. 2021இல் எல்லா வயதினரும் சேர்த்து 11.9 லட்சம் பேர் சாலையில் உயிரிழந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 92 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அதே நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆண்டுக்கு 1,86,300 பேர். நாளொன்றுக்கு ஐந்நூறுக்கும் மேல். அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு 38 பேர் எந்த வண்டியிலும் ஏறாதவர்கள், நடந்து போனவர்கள்.

இந்த எண்ணிக்கை எங்கும் ஒரே திசையில் போகவில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 1970களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு அரை நூற்றாண்டாக இறங்கி வந்திருக்கிறது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பின்னால் பெருகிய ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் அந்த இறக்கம் இன்னும் பிடிபடவில்லை. எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்பதோடு எப்படிக் குறைந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். வண்டியின் வேகத்தைக் குறைத்தும் குறைக்கலாம். பிள்ளையை வீட்டுக்குள் அடைத்தும் குறைக்கலாம். புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

முதல் வழிக்கு உலகம் சுட்டும் சான்று நெதர்லாந்து. சைக்கிள் நாடு என்று இன்று பெயரெடுத்த அந்நாடு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்களுக்கு வழிவிடத் தெருக்களை அகலப்படுத்திக்கொண்டே போனது. 1971இல் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் இறந்தார்கள். அப்படித் தன் மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹாஃப், 1972இல் ‘டி டைட்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு, ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’. விபத்து என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. இயக்கத்தின் முதல் தலைவரான மார்ட்யே வான் புட்டன் பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானவர். இயக்கத்தினர் சைக்கிள்களோடு நடுத்தெருவில் படுத்து மறித்தார்கள். பிரதமர் யோப் டென் அய்ல் வீட்டு வாசலுக்கே பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். ஆம்ஸ்டர்டாமின் நெருக்கடியான டி பைப் பகுதியில் பிள்ளைகளே வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, தங்கள் தெருவைக் கார்களுக்கு மூடச் சொல்லிக் கேட்டார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. பெட்ரோலை மிச்சப்படுத்த அரசு அறிவித்த கார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், நெடுஞ்சாலைகளில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் செய்ததை நாடே பார்த்தது.

இந்தப் போராட்டங்கள் தெருவின் அமைப்பையே மாற்றின. டெல்ஃப்ட் நகரில் பிறந்த ‘வோனெர்ஃப்’ என்னும் குடியிருப்புத் தெரு முறை 1976இல் சட்டத்தில் இடம்பெற்றது. அந்தத் தெருவில் நடைபாதை என்று தனியாக எதுவும் இல்லை. முழுத் தெருவும் ஒரே மட்டம். நேராகப் பாய முடியாதபடி செடித்தொட்டி, மரம், பெஞ்சு என்று குறுக்கே ஏதாவது இருக்கும். கார் நுழையலாம், ஆனால் நடப்பவரின் வேகத்தில்தான் போக வேண்டும். முகப்பில் உள்ள நீலப் பலகையில் வீடும், பந்தோடு விளையாடும் குழந்தையும் வரையப்பட்டிருக்கும். 1983இல் மணிக்கு 30 கி.மீ. வேக வரம்புப் பகுதிகள் வந்தன. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை நடந்தோ சைக்கிளிலோ போகும்போது கார் மோதினால், அநேகமாக எல்லா வழக்குகளிலும் முழு இழப்பீடும் கார்க்காரர் தரப்பின் பொறுப்பு. தவறு பிள்ளையுடையது என்று சொல்லித் தப்ப முடியாது. 2010இல் அங்கே சாலையில் இறந்த குழந்தைகள் 14 பேர். அங்கே பிள்ளைகள் இன்றும் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதுதான் இந்த எண்ணுக்கு மதிப்புத் தருகிறது.

பிரிட்டனின் கதை வேறு. ஆய்வாளர் மேயர் ஹில்மன் தன் சகாக்களோடு 1990இல் வெளியிட்ட ஆய்வு, 1971இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனதையும், 1990இல் அது 9 ஆகச் சுருங்கியதையும் காட்டியது. அந்த ஆண்டுகளில் அங்கே குழந்தைகளின் விபத்து மரணங்கள் வெகுவாகக் குறைந்தது உண்மை. சாலை பாதுகாப்பானதால் அல்ல, அதன் ஆபத்துக்கு அஞ்சிப் பெற்றோர் பிள்ளைகளைச் சாலையிலிருந்து விலக்கிக்கொண்டதால் வந்த குறைவு அதில் கணிசம் என்றார் ஹில்மன். சென்னையிலும் கோவையிலும் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளிக்குக்கூட வேன் வைக்கும் பெற்றோரைப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

‘பார்த்துப் போகணும்’ என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்டினா சாண்டெல்ஸ் 1960களிலேயே இதைப் பரிசோதித்தார். ஒலி வரும் திசையைப் பிரித்தறிவது, ஓரக்கண்ணில் படுவதைக் கவனிப்பது, ஓட்டத்தின் நடுவே சட்டென்று நிற்பது ஆகியவை சிறு பிள்ளைகளுக்கு இன்னும் முழுமையாகக் கைகூடாதவை. ஆகவே போக்குவரத்துதான் பிள்ளைக்கு ஏற்ப மாற வேண்டும் என்பது அவர் முடிவு. 2010இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் இதற்கு இன்னொரு காரணத்தையும் கண்டார்கள். எதிரே வரும் வண்டி நெருங்க நெருங்கப் பெரிதாகத் தெரிவதை வைத்தே மூளை அதன் வேகத்தைக் கணிக்கிறது. தொடக்கப் பள்ளி வயதில் அந்தத் திறன் முதிர்ந்திருப்பதில்லை. மணிக்கு சுமார் 30 கி.மீ.க்கு மேல் வரும் வண்டி அசையாமல் நிற்பதுபோல் அந்தக் கண்ணுக்குத் தோன்றிவிடலாம். இருபுறமும் பார்த்துவிட்டே இறங்கிய பிள்ளையும் அடிபடுவது இப்படித்தான்.

பதின்வயதினருக்கு நேர்வது வேறு வகை. சிறு பிள்ளைகள் பெரும்பாலும் நடந்து போகையில் அடிபடுகிறார்கள். பதினைந்து வயதுக்கு மேல் கைப்பிடியும் ஸ்டீயரிங்கும் அவர்கள் கைக்கே வந்துவிடுகின்றன. இறப்பவர்களில் பையன்களே அதிகம். இரவு நேரம், புது லைசென்ஸ், பின்னிருக்கையில் கூட்டாளிகள் என்ற மூன்றும் சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது. இதைப் புரிந்துகொண்டு 1987இல் நியூசிலாந்து படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தது. புதிதாக ஓட்டும் இளைஞர் தொடக்கத்தில் இரவில் தனியாக ஓட்டவோ நண்பர்களை ஏற்றிக்கொள்ளவோ முடியாது. 1996இல் புளோரிடாவில் தொடங்கி அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் ஏதோ ஒரு வடிவில் அதைப் பின்பற்றின. மது அருந்தும் வயதை 21 ஆக்கிய 1984 சட்டமும் அங்கே பல உயிர்களைக் காத்தது. நீண்ட காலம் அமெரிக்கப் பிள்ளைகளின் மரணக் காரணங்களில் முதலிடத்தில் இருந்த வாகன விபத்து 2020இல் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. ஆனால் முதலிடத்துக்கு ஏறியது துப்பாக்கி.

சுவீடன் 1997இல் ‘பூஜ்ய இலக்கு’ என்பதை நாடாளுமன்றத்திலேயே ஏற்றது. மனிதன் தவறு செய்யத்தான் செய்வான், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது அரசின் கடமை என்பது அதன் சாரம். அண்டை நாடான நார்வேயில் 2019ஆம் ஆண்டு முழுவதும் பதினாறு வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைகூடச் சாலையில் சாகவில்லை.

இந்தியாவின் நிலைமை கவலைக்குரியது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில், 2018இல் பதினெட்டு வயதுக்குட்பட்ட 9,977 பேர் இறந்தார்கள், 2019இல் 11,168. பெருந்தொற்றால் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக்கிடந்த 2021இல் 7,764 ஆகக் குறைந்து, பள்ளிகள் திறந்த 2022இல் 9,528 ஆக உயர்ந்தது. சராசரியாக நாளுக்கு 26 பிள்ளைகள். வீட்டுக்குள் இருந்தவரை உயிர் தப்பினார்கள். வெளியே வந்ததும் சாலை அப்படியே காத்திருந்தது.

இங்கே சட்டங்கள் பெரும்பாலும் ஒரு துயரத்தின் பின்னாலேயே வந்திருக்கின்றன. 1997 நவம்பரில் டெல்லியின் வசீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் இறந்தார்கள். அதையடுத்தே உச்ச நீதிமன்றம் மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி என்று பள்ளிப் பேருந்துகளுக்கு விதிகளை வகுத்தது. தமிழ்நாட்டில் 2009 டிசம்பரில் வேதாரண்யம் அருகே பள்ளி வேன் குளத்தில் பாய்ந்தது. உள்ளே இருந்த இளம் ஆசிரியை பல பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டுத் தானும் மூழ்கினார். அவரோடு ஒன்பது பிள்ளைகள் இறந்தனர். 2012 ஜூலையில் தாம்பரம் பகுதியில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து, பின்சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். தகுதிச் சான்று (எப்.சி.) பெற்ற பேருந்து அது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் தமிழ்நாட்டில் வந்தன. இப்போது ஆண்டுதோறும் கோடை விடுமுறையில், பள்ளி திறக்கும் முன், மஞ்சள் பேருந்துகள் ஊர் மைதானங்களில் வரிசையாக நிற்க, ஆர்.டி.ஓ. அதிகாரிகள் ஏறிப் பார்க்கிறார்கள். அவசர வழிக் கதவு திறக்கிறதா, தீயணைப்புக் கருவி காலாவதியாகவில்லையா என்பதோடு, தரைப் பலகையையும் காலால் அழுத்திப் பார்க்கிறார்கள்.

பள்ளிப் பேருந்துக்கு இவ்வளவு கண்காணிப்பு இருந்தும், பிள்ளைகள் பலர் பயணிப்பது இருசக்கர வாகனத்தில். 2022இல் நாட்டில் நடந்த சாலை மரணங்களில் நூற்றுக்கு 44க்கும் மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்களுடையவை. அப்பா ஹெல்மெட்டோடு ஓட்ட, முன்னால் பெட்ரோல் டேங்க் மீது சின்னவனும், பின்னால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே பெரியவளும் வெறுந்தலையோடு உட்கார்ந்திருக்கும் காட்சி எந்தப் பள்ளி வாசலிலும் காலை எட்டரைக்குக் காணக் கிடைக்கும். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். அதற்கும் குறைந்த வயதுக் குழந்தைக்கு ஹெல்மெட்டோடு, ஓட்டுபவருடன் பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வியட்நாமில் 2007 டிசம்பரில் ஹெல்மெட் கட்டாயமானபோது பெரியவர்கள் உடனே அணிந்தார்கள். கழுத்துக்குக் கெடுதல் என்ற தவறான நம்பிக்கையால் குழந்தைகளின் தலைகள் வெறுமையாகவே இருந்தன. அங்கே பள்ளிகள் வழியாகவே ஹெல்மெட்டைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது.

லைசென்ஸ் வயது வராத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கும் அதே 2019 திருத்தம் பொறுப்பை ஏற்றியது. அந்த வண்டியால் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கடுமையான சட்டம்தான். ஆனால் கடைசிப் பேருந்து ஆறு மணிக்கே போய்விடும் ஊரில், டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்ப வேண்டிய பையனுக்கு அபராதம் மட்டும் மாற்று வழி காட்டாது.

பணம் அதிகம் இல்லாத நாடும் இதைச் செய்ய முடியும் என்பதைத் தான்சானியாவின் தார் எஸ் சலாம் காட்டியது. ‘அமெண்ட்’ என்ற தொண்டு நிறுவனம் பிள்ளைகள் அதிகம் அடிபடும் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, வாசல் சாலையில் வேகத்தடை, நடைபாதை, கடக்கும் கோடு என எளிய மாற்றங்களைச் செய்தது. சில இடங்களில் பள்ளியின் வாயிலையே பரபரப்பான சாலையிலிருந்து பக்கத்துத் தெருவுக்கு மாற்றினார்கள். அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் காயமடைவது நூற்றுக்கு 26 பங்கு குறைந்தது. பல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பரவிய இந்தத் திட்டம் 2019இல் நகரங்களுக்கான ராஸ் விருதைப் பெற்றது.

பிள்ளைகளும் வண்டிகளும் கலக்கும் தெருக்களில் 30 கி.மீ.தான் உச்ச வரம்பு என்பதை 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய அமைச்சர்கள் மாநாடு பிரகடனம் செய்தது. சென்னை மாநகரக் காவல்துறை 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கு அதே 30ஐ எல்லா வாகனங்களுக்குமான வரம்பாக அறிவித்தது. டெல்ஃப்ட் தெருக்களில் அந்த வேகத்துக்கு மேல் போக விடாமல் தடுப்பவை குறுக்கே நிற்கும் மரமும் செடித்தொட்டியும். சென்னைத் தெருக்களுக்கு வந்திருப்பது அறிவிப்பு. சாலையின் அமைப்பை மாற்றும் வேலை மாநகராட்சியின் பொறியாளர்களிடம் இருக்கிறது.